தோல்வியின் பின்னரும் தீர்க்கப்பட்ட கடன்: 'பிரைட்' திரைப்படமும் 1984–85 பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும்

வரலாற்று நிகழ்ச்சிகளைப் பொருளாகக் கொண்டெழும் கலைப்படைப்புக்களை மதிப்பிடும்போது இருவேறு நிலைப்பாடுகள் எம்மிடையே காணப்படுகின்றன. நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே காட்டப்பட்டுள்ளதா என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு படைப்பை அளப்பது ஒரு நிலைப்பாடு. கலை வேறு, வரலாறு வேறு. ஆதலால் அத்தகைய வினாவுக்கே இடமில்லை என்பது மற்றையது. இவை இரண்டும் ஆய்வுக்குப் பெரிதும் உதவுவனவல்ல. ஒரு படைப்பு வரலாற்றிலிருந்து எவற்றைத் தெரிந்தெடுத்தது, எவற்றை விலக்கியது, அத்தெரிவினாற் பார்ப்போரிடத்து எத்தகைய வரலாற்றுணர்வை வளர்க்கின்றது என வினவுவதே பயனுடைய முறையாகும்.

இம்முறையில் நோக்கத்தக்க படைப்புக்களுள் ஒன்று, 2014 இல் வெளிவந்த 'பிரைட்' என்னும் பிரித்தானியத் திரைப்படம். ஸ்டீபன் பெரஸ்போர்ட் எழுத, மத்தியூ வார்ச்சஸ் நெறிப்படுத்திய இப்படம், 1984–85 ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது இலண்டன் நகரத்து ஒருபாலீர்ப்பினர் குழுவொன்றுக்கும் தென் வேல்ஸின் சுரங்கக் கிராமத்தவர்க்கும் இடையே மலர்ந்த தோழமையை நகைச்சுவை கலந்த நாடகமாகக் கூறுகின்றது. அவ்வாண்டிலேயே கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டுப் பாராட்டும் பெற்றது. 'பிரைட்' என்ற சொல் பெருமிதத்தைக் குறிப்பது. ஒருபாலீர்ப்பினர் தம் உரிமைகளை முன்வைத்து ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலத்தின் பெயரும் அதுவே.

இத்தோழமை எதனால் உண்டாயிற்று? தனிமனிதரின் மனமாற்றத்தினாலா, அன்றி அமைப்புக்களின் உழைப்பினாலா? படம் முதலாவதனையே முன்னிறுத்துகின்றது. வரலாறோ இரண்டாவதற்கே மிகுதியான சான்றுகளைத் தருகின்றது. இதனைக் காட்டுவதும், அத்தோழமையின் உண்மையான உரைகல் போராட்டம் தோல்வியுற்ற பின்னர் நிகழ்ந்தவற்றிலேயே உள்ளது என நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வேலைநிறுத்தத்தின் பின்னணி

1972 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் பெருவெற்றி ஈட்டினர். 1974 இல் அவர்கள் மீண்டும் போராடியபோது, பிரதமர் எட்வேர்ட் ஹீத் பொதுத்தேர்தலை நடத்தி ஆட்சியை இழந்தார். பழைமைவாதக் கட்சியினர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் மறக்கவில்லை. 1979 இல் ஆட்சிக்கு வந்த மார்கிரட் தட்சர், 1981 இற் சுரங்க மூடல் தொடர்பாக எழுந்த எதிர்ப்பைக் கண்டு தற்காலிகமாகப் பின்வாங்கினார். பின்வாங்கிய காலம் ஆயத்தத்திற்குரிய காலமாயிற்று. மின் நிலையங்களில் நிலக்கரி குவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் ஆதரவு மறியலைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. வேலைநிறுத்தம் செய்வோர் தமது சங்கத்திலிருந்து கொடுப்பனவு பெறுவதாகக் கற்பித்துக்கொண்டு, அவர்தம் குடும்பங்களுக்குரிய அரச உதவியிற் கழிவு செய்யும் ஏற்பாடும் 1980 இல் உண்டாயிற்று. பட்டினியும் ஒரு கருவியாக்கப்பட்டது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

1984 மார்ச் 6 ஆம் நாள், 20 சுரங்கங்களை மூடி ஏறத்தாழ 20,000 வேலைகளை நீக்கும் திட்டத்தைத் தேசிய நிலக்கரிச் சபை அறிவித்தது. சபைத் தலைவர் இயன் மக்கிரெகர் மூன்றாண்டுகளில் 75 சுரங்கங்களை மூட எண்ணியிருந்தார் என்பது 2014 இன் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட அமைச்சரவை ஆவணங்களாற் புலனாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் அக்காலத்திற் கூறியது மிகைக்கூற்றன்று என்பதற்கு, படம் வெளிவந்த அதே ஆண்டிலேயே அரசின் ஏடுகள் சாட்சியாயின.

தொழிலாளர் அனைவரும் தொடக்கத்திலேயே ஒரே குரலில் எழுந்தனர் எனக் கருதுதல் தவறு. தேசிய அளவிலான வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. நொட்டிங்காம்ஷயர்த் தொழிலாளருட் பெரும்பாலானோர் வேலையைத் தொடர்ந்தனர். பின்னர் மிக உறுதியுடன் நின்ற தென் வேல்ஸிலேயே பெரும்பாலான கிளைகள் முதலில் வேலைநிறுத்தத்திற்கு எதிராக வாக்களித்தன. மறியலின் பின்னரே அவை போராட்டத்தில் இணைந்தன. ஒரே தொழிலை, ஒரே நிலத்தடியில், ஒரே இடரின் நடுவே செய்வோரிடத்தும் ஒருமைப்பாடு தானாக முளைப்பதில்லை. அது கட்டியெழுப்பப்பட வேண்டியது. இவ்வுண்மையை மனத்திருத்தினால், வேற்று வாழ்க்கை வாழ்ந்த இரு கூட்டத்தாரிடையே அது உருவானமை மேலும் வியப்புக்குரியதாகும்.

1984 யூன் 18 ஆம் நாள் யோர்க்ஷயரிலுள்ள ஓர்கிறீவ் என்னுமிடத்திற் குதிரைப் பொலிசார் மறியற்காரரைத் தாக்கினர். அங்கு நிகழ்ந்தவை தொடர்பாக 95 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்குகள் 1985 இற் சரிந்தன. போராட்டக் காலம் முழுவதிலும் 11,000 இற்கும் மேற்பட்ட கைதுகள் இடம்பெற்றன. யூலை மாதத்திற் பிரதமர் தம் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரிடையே பேசுகையில், போராடும் தொழிற்சங்கத்தாரை நாட்டுக்குள்ளேயே இருக்கும் பகைவராகச் சுட்டினார். ஆகஸ்ட் மாதத்தில் நீதிமன்ற ஆணையின் மூலம் தென் வேல்ஸ் சங்கத்தின் நிதி கையகப்படுத்தப்பட்டது. ஒக்டோபரில் தேசியச் சங்கத்தின் நிதியும் அந்நிலையை அடைந்தது. சங்கத்துக்கு அனுப்பும் பணம் தொழிலாளரைச் சென்றடையும் என்ற உறுதி அற்றுப்போகவே, வெளியூர் ஆதரவாளர் தனித்தனிச் சுரங்கக் கிராமங்களுடன் நேரடித் தொடர்பு கொள்ளும் முறை பெருவழக்காயிற்று. படத்தின் கதை தொடங்குவதற்கான பொருளாயதக் காரணம் இதுவேயாகும்.

இலண்டன் குழுவின் தோற்றம்

1984 யூன் 30 ஆம் நாள் இலண்டனில் நடைபெற்ற பிரைட் ஊர்வலத்தில் மார்க் அஷ்டன், மைக் ஜாக்சன் என்னும் இளைஞர் இருவர் வாளிகளை ஏந்திச் சுரங்கத் தொழிலாளர்க்காக நிதி திரட்டினர். யூலையில் அஷ்டனின் வீட்டிற் சிறு கூட்டமொன்று கூடியது. அதிற் பிறந்ததே சுரங்கத் தொழிலாளரை ஆதரிக்கும் ஒருபாலீர்ப்பு மகளிர் ஆடவர் அமைப்பு. இதனை இலண்டன் குழு என இங்குக் குறிப்பிடுவோம். பின்னர் நாட்டின் வேறு நகரங்களிலும் இதனையொத்த குழுக்கள் தோன்றின.

ஒருபாலீர்ப்பினர் அக்காலத்திற் பெற்றிருந்த உரிமை மிகக் குறுகியது. 1967 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் இருவர் தனிமையிற் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்கொட்லாந்துக்கு 1980 இலும் வட அயர்லாந்துக்கு 1982 இலுமே அது வாய்த்தது. பொலிசாரின் கண்காணிப்பும் பத்திரிகைகளின் இழிப்பும் ஓயவில்லை. 1984 ஏப்ரலில், வேலைநிறுத்தம் தொடங்கிய மறுமாதத்தில், இலண்டனிலுள்ள 'கேஸ் த வேர்ட்' என்ற ஒருபாலீர்ப்பினர் புத்தகக் கடையிற் சுங்கத் திணைக்களத்தினர் புகுந்து நூல்களைக் கைப்பற்றினர். அக்கடையே பின்னர் இக்குழுவினர் கூடும் இடங்களுள் ஒன்றாயிற்று. எய்ட்ஸ் நோய் பற்றிய பீதியும் இதே ஆண்டுகளிற் பரவத் தொடங்கியது.

ஆகவே பொலிசு, நீதிமன்றம், பத்திரிகை என்னும் மூன்றும் தம்மை நடத்திய விதத்திலேயே சுரங்கத் தொழிலாளரையும் நடத்துவதை இலண்டன் குழுவினர் கண்டனர். ஆயினும், பொதுப்பகை ஒன்று உளதாதல் மட்டும் தோழமைக்குப் போதிய காரணமாகாது. ஒரே பகைவனால் ஒடுக்கப்படும் இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் வெறுத்தே வாழ்ந்தமைக்கு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் பல. தொழிலாளர் குடியிருப்புக்களிலிருந்து ஏச்சும் அடியும் பெற்று நகருக்கு ஓடிவந்தோர் பலர் அக்குழுவின் சூழலில் இருந்தனர். தம்மைத் துரத்திய ஊர்களுக்கே உதவவேண்டுமா என்ற வினா அவர்களிடையே எழுவது இயல்பு. இவ்வினாவைப் படம் மறைக்கவில்லை. தொடக்கக் காட்சிகளிலேயே எழுப்புகின்றது.

அவ்வினாவுக்கு விடையளித்தது அரசியற் பயிற்சியே. குழுவினருட் பலர் இடதுசாரிக் கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் பழகியவர்கள். கட்சி வேறுபாடுகளைப் புறத்தே நிறுத்திச் சுரங்கத் தொழிலாளர்க்குப் பணம் சேர்த்தல் என்ற ஒரே நோக்கத்தை வைத்துக்கொண்டனர். வாரந்தோறும் கூடினர், மதுச்சாலை வாயில்களில் வாளிகளுடன் நின்றனர். இவ்வாறு இலண்டன் குழு திரட்டிய தொகை 20,000 பவுணைத் தாண்டியது. மான்செஸ்டரிலுள்ள மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்திற் பேணப்படும் அதன் ஆவணங்கள், உணர்ச்சிப் பெருக்கைவிட ஒழுங்கான உழைப்புக்கே கூடுதலாகச் சான்று பகர்கின்றன எனலாம்.

பள்ளத்தாக்கின் மரபு

இலண்டன் குழுவின் உதவி சென்றடைந்த இடம், தென் வேல்ஸின் நீத், டுலைஸ், சுவான்சி பள்ளத்தாக்குகளின் உதவிக்குழுவாகும். 1984 செப்டெம்பரில் அவ்வுதவிக்குழுவின் சார்பில் டய் டொனவன் இலண்டனுக்கு வந்து குழுவினரைச் சந்தித்தார். ஒக்டோபரில் இலண்டன் குழுவினர் டுலைஸ் பள்ளத்தாக்குக்குச் சென்று கிராமத்தவரின் வீடுகளிலே தங்கினர். ஒன்ல்வின் தொழிலாளர் நலன்புரி மண்டபத்தில் வரவேற்கப்பட்டனர்.

படம் இவ்வரவேற்பை ஓர் அற்புதம் போலக் காட்டுகின்றது. முதலில் திகைப்பு, பின்னர் தயக்கம், ஈற்றில் அன்பு என அது வளர்ந்து செல்கின்றது. ஆயின் அம்மண்டபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொழிலாளர் நலன்புரி மண்டபங்கள், நூலகங்கள், கல்வி வட்டங்கள் ஆகியன தென் வேல்ஸ் சுரங்கச் சமூகங்களின் பொதுச்சொத்துக்கள். 1920 ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு தொன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் நலன்புரி நிதிக்கு ஒதுக்கச் செய்தது. அந்நிதியும் தொழிலாளர் தாமே வழங்கிய சந்தாவும் இத்தகைய நிலையங்களுக்கு ஊட்டமளித்தன. 1930களில் ஸ்பானியக் குடியரசைக் காக்கச் சென்ற சர்வதேசப் படையணிகளில் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பலர் சேர்ந்தனர். அமெரிக்கக் கறுப்பினப் பாடகரான போல் றோப்சன் அவர்தம் நெருங்கிய தோழராக விளங்கினார். 1940 இல் வெளிவந்த 'த பிறவுட் வலி' திரைப்படத்திற் சுரங்கத் தொழிலாளியாகவே நடித்தார். அமெரிக்க அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்திருந்த காலத்தில், 1957 இற் போர்த்கோலிற் கூடிய சுரங்கத் தொழிலாளர் கலைவிழாவுக்கு அவர் தொலைபேசி வழியாகப் பாடினார். மண்டபத்தில் நிறைந்திருந்தோர் பதிலுக்குப் பாடினர்.

அந்நியரைத் தோழராக ஏற்கும் பழக்கம் இப்பள்ளத்தாக்குகளுக்குப் புதியதன்று என்பதை இவை காட்டும். உதவிக்குழுவின் தலைவராக விளங்கிய ஹைவல் பிரான்சிஸ் தாமே வரலாற்றாசிரியர். ஸ்பானியப் போரில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பங்கை ஆராய்ந்து நூலெழுதியவர். பிற்காலத்தில் 2001 முதல் 2015 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். தம் மரபை அறிந்த ஒருவர் அம்மரபைத் தொடரும் பொறுப்பில் அமர்ந்திருந்தமை தற்செயலன்று. தொலைபேசியிற் பேசிய முதியவள் சரியாகக் கேட்டுக்கொள்ளாமையினாலேயே உதவி ஏற்கப்பட்டது எனப் படம் சித்திரிப்பது நகைப்பை விளைக்கின்றது. அதேவேளையில், அறிந்து செய்த தெரிவொன்றை விபத்தாகவும் ஆக்கிவிடுகின்றது.

மரபைக் கூறும்போது அதன் குறைகளையும் கூறுதல் வேண்டும். சுரங்கச் சமூகம் ஆடவர் ஆதிக்கம் மிக்கது. சங்கமும் மண்டபமும் ஆண்களின் களங்களாகவே நெடுங்காலம் இருந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் உணவுப்பொதிகளைத் திரட்டி வழங்கிய பெண்கள், அப்பணியினூடாகவே மேடைக்கும் மறியற் களத்துக்கும் வந்தனர். படத்தில் இடம்பெறும் ஹெபினா ஹெடன், ஷான் ஜேம்ஸ் ஆகியோர் மெய்யான மாந்தர். ஷான் ஜேம்ஸ் 2005 இற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். வீட்டின் பழைய ஒழுங்கு குலைந்துகொண்டிருந்த அவ்வேளையிலேயே இலண்டன் குழு அங்கு சென்றது. பெண்களின் எழுச்சி கதவைத் திறந்திராவிடின், வேற்றுப் பாலொழுக்கத்தினர் அவ்வளவு எளிதாக உள்ளே வந்திருப்பரா என்பது சிந்தனைக்குரியது.

நகைச்சுவையின் பணி

இத்தகைய பொருளை நகைச்சுவையாகக் கூறுதல் தகுமா என ஐயுறுவோர் உளர். பிரித்தானியத் தொழில்துறையின் வீழ்ச்சியை நகைச்சுவையாற் கூறும் படங்கள் ஒரு வரிசையாகவே அமைந்துள்ளன. 1996 இல் வந்த 'பிராஸ்ட் ஓஃப்', 1997 இல் வந்த 'த புல் மொன்டி', 2000 இல் வந்த 'பில்லி எலியட்' ஆகியன அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. முதலாவதிற் சுரங்கம் மூடப்படுகின்றது, இசைக்குழு வெற்றி பெறுகின்றது. இரண்டாவதில் வேலையிழந்த உருக்காலைத் தொழிலாளர் மேடையேறித் தம் தன்மானத்தை மீட்கின்றனர். மூன்றாவதில் வேலைநிறுத்தம் தோற்கின்றது, தொழிலாளியின் மகன் நடனக் கலைஞனாகி ஊரை விட்டு நீங்குகின்றான். கூட்டுத் தோல்விக்குக் கலையிற் பெறும் வெற்றி ஈடாக வைக்கப்படுவது இவற்றின் பொதுப்பண்பு எனலாம்.

'பிரைட்' இவ்வரிசையிலேயே பிறந்ததாயினும் ஒரு முக்கிய வகையில் வேறுபடுகின்றது. அதில் எவரும் தப்பிச் செல்வதில்லை; பலர் திரும்பி வருகின்றனர். பதினாறு ஆண்டுகள் வேல்ஸுக்குப் போகாதிருந்த கெதின் தன் தாயின் வாயிலில் வந்து நிற்கின்றான். படத்தின் ஈற்றில் அமைவது தனியொருவரின் மேடை வெற்றியன்று. தெருவிற் செல்லும் ஊர்வலம்.

நகைச்சுவை இப்படத்தில் ஆற்றும் பணியும் நுணுகி நோக்கத்தக்கது. மண்டபத்தில் இலண்டனிலிருந்து வந்த ஒருவர் ஆடத் தொடங்கியதும் இறுக்கம் தளர்கின்றது. ஊர் இளைஞர் தமக்கும் ஆடக் கற்றுத்தருமாறு வந்து நிற்கின்றனர், தாம் விரும்பும் பெண்களைக் கவரும் பொருட்டு. கிராமத்து மூதாட்டியர் இலண்டனின் இரவு விடுதிகளை வியந்து நோக்குகின்றனர். இங்கு நகைப்பு எவரையும் இழிவுபடுத்தவில்லை. அறியாமையைப் பகைமையாக முற்றவிடாது தடுக்கின்றது. மிகச் சிறந்த காட்சி மிக அமைதியானது. ஹெபினாவும் கிளிஃப் என்னும் முதியவரும் அருகருகே நின்று பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருக்கின்றனர். வாழ்நாள் முழுதும் மறைத்துவைத்ததைக் கிளிஃப் சொல்லுகின்றார். அதனைத் தான் பல்லாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்ததாக ஹெபினா கூற, கைகள் வேலையைத் தொடர்கின்றன. ஒடுக்கப்பட்டோர் வெளியிலிருந்து வந்தவர் மட்டும் அல்லர். அவர்கள் அக்கிராமத்திலேயே என்றும் இருந்தவர்கள் என்ற உண்மை இங்கு உரையின்றி உணர்த்தப்படுகின்றது. இரு இயக்கங்கள் என நாம் வகுக்கும் கோடு பல மனிதரின் உடலுக்குள்ளேயே ஓடுவது என்பதை இக்காட்சியினும் தெளிவாகக் கூறிய அரசியற் கட்டுரைகள் குறைவு.

திரைப்படம் விடுத்தவை

எனினும், பெரும்பான்மைப் பார்வையாளரை நாடி எடுக்கப்பட்ட படம் ஆதலின், சில இன்றியமையாத கூறுகள் அதில் மங்கியுள்ளன. முதலாவது, மார்க் அஷ்டனின் அரசியல். அவர் இளங் கம்யூனிஸ்ட் கழகத்தின் உறுப்பினர். பின்னர் அதன் பொதுச்செயலாளர். படத்தில் அவர் துடிப்பும் பேச்சாற்றலும் மிக்க இளைஞராகத் தோன்றுகின்றார். ஆயின் அத்துடிப்பை நெறிப்படுத்திய கொள்கை, கட்சி, வாசிப்பு ஆகியன ஏறக்குறைய மறைக்கப்பட்டுள்ளன. அமைப்பின் பயிற்சி, தனிமனிதனின் இயற்கைப் பண்பாக மாற்றப்படுகின்றது. 1987 பெப்ரவரி 11 ஆம் நாள், தமது 26 ஆம் வயதில், எய்ட்ஸ் நோயினால் அவர் மறைந்தார். அத்தகைய ஒருவரின் வாழ்வை அதன் கொள்கையினின்றும் பிரித்துக் காட்டுதல் அவருக்குச் செய்யும் முழு மரியாதை ஆகாது.

இரண்டாவது, ஒருபாலீர்ப்புடைய பெண்களின் தனி அமைப்பு. இலண்டன் குழுவில் ஆடவர் மிகுந்திருந்தமையால், 1984 நவம்பரிற் பெண்கள் சிலர் பிரிந்து, சுரங்க மூடலை எதிர்க்கும் தம் தனிக்குழுவை அமைத்தனர். படம் இதனைச் சிறு கேலியாகக் கடந்து செல்கின்றது. ஒடுக்கப்பட்டோரின் இயக்கத்துக்குள்ளேயும் ஒடுக்குமுறை நிலவுதல் கூடும் என்ற வினா அங்கு இருந்தது. அது நகைப்பில் அமிழ்ந்துவிட்டது.

மூன்றாவது, ஏனைய தோழமைகள். 1976 முதல் 1978 வரை இலண்டனின் கிரன்விக் ஒளிப்படத் தொழிற்கூடத்திற் பெரும்பாலும் தென்னாசிய வழிவந்த பெண்கள் ஜெயாபென் தேசாய் தலைமையிற் போராடியபோது, 1977 இற் சுரங்கத் தொழிலாளர் பெருந்தொகையினராகச் சென்று மறியலில் நின்றனர். 1984 இற் கறுப்பின, ஆசிய மக்களின் அமைப்புக்கள் சுரங்கக் கிராமங்களுக்கு உதவின. ஒருபாலீர்ப்பினரின் ஆதரவு தனித்து மின்னிய விந்தையன்று. பல ஆண்டுகளாகப் பின்னப்பட்ட வலையின் ஓர் இழை. படத்தில் அவ்வலை தென்படுவதில்லை.

விடுதல் என்பது எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2015 இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இப்படத்தின் இறுவட்டு உறையில், ஒருபாலீர்ப்பினர் என்ற குறிப்பு கதைச்சுருக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒளிப்படத்திலே தெரிந்த பதாகையின் எழுத்துக்களும் அழிக்கப்பட்டன. இலண்டன் இளைஞர் வாளிகளில் தம் பெயரை எழுதி வீதியில் நின்றது எதற்காகவோ, அதனையே சந்தை அழித்தது. பெயரை மறைத்துப் பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அது ஈகையாக முடிந்திருக்கும். பெயரோடு சென்றமையாலேயே அது அரசியலாயிற்று.

கடனும் கைம்மாறும்

1984 டிசம்பர் 10 ஆம் நாள் இலண்டன் கம்டனிலுள்ள இலெக்ட்ரிக் போல்றூம் அரங்கில் இலண்டன் குழு பெரும் இசைநிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. புரொன்ஸ்கி பீற் இசைக்குழு அதிற் பாடியது. 5,000 பவுணுக்கு மேற் சேர்ந்தது. மேடையேறிய டய் டொனவன், இதுவரை எமது சின்னத்தை நீங்கள் அணிந்தீர்கள், இனி உங்கள் சின்னத்தை நாங்கள் அணிவோம் என்ற கருத்துப்படப் பேசினார். திரட்டிய பணத்தின் உதவியுடன் பள்ளத்தாக்கின் உதவிக்குழு பெற்ற சிறு பேருந்து, அதனை அளித்தோரின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிச் சுரங்கக் கிராமங்களின் வீதிகளில் ஓடியது.

1985 மார்ச் 3 ஆம் நாள் வேலைநிறுத்தம் உடன்படிக்கை எதுவுமின்றிக் கைவிடப்பட்டது. மார்ச் 5 ஆம் நாள் தொழிலாளர் கொடிகளுடனும் வாத்தியங்களுடனும் அணிவகுத்து வேலைக்குத் திரும்பினர். அடுத்த ஆண்டுகளிற் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2015 டிசம்பரில் யோர்க்ஷயரின் கெலிங்லி மூடப்பட்டதோடு பிரித்தானியாவின் ஆழ்நிலக்கரிச் சுரங்கத் தொழிலே முடிவுற்றது. பொருளாதார நோக்கில் இது முழுமையான தோல்வி.

இத்தோல்விக்குப் பின்னர் நிகழ்ந்ததே எமது வினாவுக்குரிய விடை. 1985 யூன் 29 ஆம் நாள் இலண்டன் பிரைட் ஊர்வலத்தின் முன்னணியில் தென் வேல்ஸ் மக்கள் தம் பதாகைகளுடன் நடந்தனர். இப்பொழுது அவர்களுக்கு வாளிப்பணம் வேண்டியதில்லை. போராட்டம் முடிந்து மூன்று மாதங்களாகிவிட்டன. ஆதாயம் ஏதும் எஞ்சாத நிலையில் வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஒருபாலீர்ப்பினர் உரிமைகளை ஏற்கும் தீர்மானங்கள் தொழிற்சங்கப் பேரவையின் மாநாட்டிலும் தொழிற்கட்சி மாநாட்டிலும் நிறைவேறின. தொழிற்கட்சி மாநாட்டிற் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மொத்த வாக்குகள் அத்தீர்மானத்துக்குத் துணைநின்றன. உணர்ச்சி ஊர்வலத்தில் முடிந்துவிடவில்லை. சங்கத்தின் விதிமுறைகளுக்கூடாகச் சென்று வாக்காக மாறியது. படம் இதனை இறுதி எழுத்துக்களிற் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றது. வரலாற்றாசிரியனுக்கோ இதுவே நடுநாயகமான நிகழ்ச்சியாகும்.

இதிலிருந்து விடுதலை நேர்கோட்டில் வந்தது எனக் கொள்ளலாகாது. 1988 இல் இயற்றப்பட்ட உள்ளூராட்சிச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, உள்ளூராட்சி மன்றங்கள் ஒருபாலீர்ப்பை ஊக்குவித்தலைத் தடைசெய்தது. ஸ்கொட்லாந்தில் 2000 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 இலுமே அது நீக்கப்பட்டது. ஆயினும், 1985 ஆம் ஆண்டுத் தீர்மானங்கள் தொழிலாளர் இயக்கம் மீண்டும் மௌனத்துக்குத் திரும்ப முடியாத ஓர் எல்லைக்கல்லை நாட்டிவிட்டன.

முடிவுரை

இக்கதை எமது வாசகர்க்கு முற்றிலும் அயலானதன்று. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானிய ஆட்சியிற் பிறந்தது. அதன் 365 ஆம் பிரிவு ஆட்சியாளரின் ஒழுக்க நோக்கையே இங்கும் சட்டமாக்கியது. 1967 இல் அவர்கள் தம் நாட்டுக்குச் செய்துகொண்ட திருத்தம் இங்கு எதனையும் மாற்றவில்லை. 1995 இன் திருத்தமோ பெண்களையும் இக்குற்ற ஏற்பாட்டினுட் கொணர்ந்தது. 2023 மே மாதத்தில், இவ்வுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இவ்வினாவைத் தமக்குரியதன்றெனத் தொழிற்சங்கங்களும் முற்போக்கு இயக்கங்களும் ஒதுக்கிவிடலாமா என்பது, டுலைஸ் பள்ளத்தாக்கின் வரலாறு எம்மிடம் கேட்கும் கேள்வி.

'பிரைட்' நல்ல படம். பார்ப்போரைச் சிரிக்கவும் கலங்கவும் செய்வது. மறக்கப்பட்டிருந்த ஒரு போராட்டத்தைப் புதிய தலைமுறையின் நினைவுக்குக் கொணர்ந்தது. நல்ல மனிதர் சந்தித்தால் நல்லது நிகழும் என்ற நம்பிக்கையை அது தருகின்றது. அந்நம்பிக்கை பொய்யன்று, குறைபாடுடையது. அம்மனிதர் சந்திப்பதற்கு ஒரு மண்டபம் இருந்தது. அதனைத் தலைமுறைகள் கட்டின. வரவேற்பதற்கு ஒரு குழு இருந்தது. அதனைப் பெண்கள் தாங்கினர். திரட்டிய பணத்துக்குக் கணக்கும், எடுத்த முடிவுக்குக் குறிப்பும், அளித்த வாக்குறுதியை நிறைவேற்ற ஒரு சங்கமும் இருந்தன. இவையின்றேல் அச்சந்திப்பு ஓர் இனிய வாரவிறுதியாகவே கழிந்திருக்கும். மண்டபங்களும் சங்கங்களும் சிதைந்துவரும் காலத்தில், ஒருமைப்பாட்டை விரும்புவோர் முதலிற் செய்யவேண்டியது அவற்றை மீளக் கட்டுதலேயாகும்.